களப்புக் கரையில் ஒரு பதினாறடி வயர்

முள்ளியவளைச் சந்தியிலிருந்து கொஞ்சத் தூரத்தில் மோட்டர் சுற்றும் கடை வைத்திருக்கிற நிரஞ்சனுக்கு நாற்பத்தாறு வயது. எரிந்துபோன தண்ணிப்பம்பு மோட்டரைக் கழற்றி, கருகிய செப்புக் கம்பியை வெட்டியெடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசிக் காயவைத்துக் கொடுப்பது அவன் தொழில். அந்தக் கைவேலையில் அவனுக்குப் பக்கத்து ஊரான தண்ணீரூற்று வரைக்கும் நல்ல பெயர். ஆனால் அந்தப் பெயரில் அவனுக்குப் பெரிய ருசி இருந்ததில்லை. சந்தியில் பெடியள் 'றேடியோ நிரஞ்சன்' என்று சொல்லும்போதுதான் அவனுக்கு நெஞ்சு நிமிரும்.

போர்த் தடையால் வன்னிக்குள் பற்றரி வராத காலத்தில் அவனுக்குப் பன்னிரண்டு வயது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவின் கரண்டில் றேடியோ கதைக்கும். செய்தி நேரத்தில் சுற்றுவது அவன் பொறுப்பு. பெரியவர்கள் செய்திக்குக் காது கொடுக்க, அவன் வேறொன்றை யோசித்துக்கொண்டிருப்பான். கம்பி ஒன்றும் இல்லாமல் இந்தக் குரல் கடல் தாண்டி எப்படி இந்த முற்றத்தில் வந்து விழுகிறது? யோசனையில் கை ஓய்ந்தால் குரலும் ஓயும். நாலு பக்கத்தாலும் ஏச்சு விழும்.

அந்தக் கேள்விக்கு அவன் பதில் தேடத் தொடங்கியது போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி, கடை போட்டு, வீடு கட்டி முடித்த பிறகுதான். சொந்தமாக அலை அனுப்பிப் பேசுவதற்குச் சாதாரண ஆட்களுக்கும் லைசன்ஸ் கொடுக்கிறார்கள், அதற்கு ஹாம் றேடியோ என்று பெயர் என்பதை ஒரு பழைய சஞ்சிகையில் படித்தான். கொழும்புக்குப் போய்ச் சோதனை எழுதினான். முதல் தரம் ஆங்கிலச் சொற்களில் தடுக்கித் தோற்றான். அடுத்த வருடம் அகராதியைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போய்ச் சித்தியடைந்தான். அவனுக்கென்று ஒரு அழைப்புக்குறி வந்தது. வீட்டு வளவுக்குள் முப்பதடி இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் அலுமினியக் குழாய்களால் தானே செய்த அன்ரனாவை ஏற்றினான். கீழே நின்று கயிற்றை இழுத்தால் அது விரும்பிய திசைக்குத் திரும்பும்.

கம்பம் எழும்பிய மூன்றாம் நாள் சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். ஆரோடு கதைக்கிறாய், எந்த நாட்டோடு கதைக்கிறாய், இந்தக் கம்பி எதற்கு என்று மணித்தியாலக்கணக்கில் கேள்வி. அனோஜா, அவன் மனைவி, குசினி வாசலை விட்டு அசையவில்லை. கடைசியில் கிராம அலுவலர் ஞானேஸ்வரி அக்கா வந்து, "இவரை எனக்குத் தெரியும். லைசன்ஸை நானே பாத்தனான். இவருக்கு நான் பொறுப்பு," என்று சொன்ன பிறகுதான் அவர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள்.

அதன் பிறகு ஏழு வருடம் அவனுக்குப் பொற்காலம். ஜப்பான், ரஷ்யா, இத்தாலி, கென்யா. பேசினோம் என்பதற்குச் சான்றாகத் தபாலில் வரும் அட்டைகளைக் கடைச் சுவரில் வரிசையாக ஒட்டினான். மோட்டர் எடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் நடக்கும் விஞ்ஞானக் கண்காட்சிக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிறு காலையில் நாட்டிலுள்ள ஹாம்கள் எல்லாரும் அலையில் கூடும்போது, முல்லைத்தீவுப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டால் பதில் சொல்ல அவன் ஒருவன்தான்.

பிறகு டிலுசா வந்தாள்.

கரையோரக் கிராமமான கள்ளப்பாட்டில் மீனவர் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை அவளுக்கு. முப்பத்தைந்து வயது. புருசன் டிலக்ஸன் களப்பில், கடலோடு சேரும் அந்த உப்புத் தண்ணி ஏரியில், இறால் பிடிக்கிறவன். படகுகளோடு பேசுவதற்குச் சங்கத்தில் ஒரு சின்ன றேடியோ இருந்தது. அதை இயக்கப் போய், அது எப்படி வேலை செய்கிறது என்று கிளறப் போய், அவளாகவே படித்துச் சோதனை எழுதியிருந்தாள். முதல் தரத்திலேயே சித்தி. சங்கத்து மோட்டரைச் சுற்றக் கொண்டுவந்த நாளில்தான் அதை நிரஞ்சனிடம் சொன்னாள்.

"அண்ணை, எனக்கும் லைசன்ஸ் வந்திட்டுது. உங்கடை சுவரைப் பாக்கப் பாக்க ஆசையா இருக்கு."

"நல்லது தங்கச்சி," என்றான் நிரஞ்சன். முதல் தரத்திலேயே என்ற சொல் மட்டும் முள்ளாக எங்கேயோ ஏறி நின்றது. "ஆனா உயரம் இல்லாமல் ஒண்டும் நடவாது. கம்பம் வேணும்."

"கம்பத்துக்கு வழியில்லை அண்ணை. எங்களிட்ட இருக்கிறது தண்ணிதான்," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். விடிந்து ஆறு மணி. தென்னமெரிக்கா மட்டும் நிரஞ்சனுக்குக் கிடைக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிரேசில்காரர் ஒருவர் மெல்லிய குரலில் கேட்டார். ஆசியா முழுவதும் ஒரே நேரத்தில் அவரைக் கூப்பிட்டது. சந்தை இரைச்சல் மாதிரி ஒரு இரைச்சல். நிரஞ்சன் கயிற்றை இழுத்து அன்ரனாவைத் திருப்பினான், கூப்பிட்டான், திரும்பவும் கூப்பிட்டான். அரை மணித்தியாலம் தொண்டை வறளக் கத்தினான். பிரேசில்காரருக்கு அவன் இருப்பதே தெரியவில்லை.

அப்போது பக்கத்து அறையில் இருந்து கேட்பதுபோல் ஒரு பெண்குரல் தன் அழைப்புக்குறியை ஒரே ஒருமுறை சொன்னது.

உடனே பதில் வந்தது. "இலங்கைப் பெண்மணி! பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்கிறீர்கள். என்ன அன்ரனா?"

"பதினாறடி வயர். தூண்டில் தடியில கட்டினது," என்று டிலுசா ஆங்கிலத்தில் சொன்னாள். பிரேசில்காரர் சிரித்த சிரிப்பு அத்தனை கடலையும் தாண்டி வந்து நிரஞ்சனின் காதில் விழுந்தது. அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். காது சுட்டது. அன்றைக்கு அனோஜா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது.

அடுத்த ஞாயிறு அலையில் கூடியவர்கள் அவளைத்தான் கொண்டாடினார்கள். "நிரஞ்சன், உங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் பின்னி எடுக்கிறாவே!" என்று கண்டிக்காரர் ஒருவர் கேட்டார். "ஓம், ஓம், நல்ல விசயம்," என்று சொல்லிவிட்டு, மழை இருட்டுகிறது என்று காரணம் காட்டி வயரைக் கழற்றினான். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

அவள் களவு செய்கிறாள் என்று அவனுக்குள் ஒரு எண்ணம் வளர்ந்தது. சட்டத்துக்கு மேலே சக்தி கூட்டும் பெட்டி ஒன்றை ஒளித்து வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் தூண்டில் தடி எப்படி இரும்புக் கம்பத்தை வெல்லும்? சங்கத்து மோட்டர் முடிந்ததும், அவர்கள் வந்து எடுக்கட்டும் என்று விடாமல் தானே அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கள்ளப்பாட்டுக்குப் போனான்.

டிலுசாவின் வீடு களப்பை முட்டிக்கொண்டு இருந்தது. கரையில், முழங்கால் அளவு தண்ணிக்குள் ஒரு பூவரசங் கட்டை. கட்டையில் நீட்டிவிட்ட தூண்டில் தடி. தடியோடு மேலே ஏறும் ஒற்றை வயர். அடியிலிருந்து நாலு வயர் நாலு பக்கமும் தண்ணிக்குள் கிடந்தன. அவ்வளவுதான்.

"றேடியோவைப் பாக்கலாமே?" என்று கேட்டான்.

"வாங்கோ அண்ணை, இதென்ன கேள்வி."

மேசையில் பழைய சின்ன றேடியோ ஒன்று. அவனுடையதைவிட அரைவாசிச் சக்தி. பேனை விழுந்ததுபோல் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தான். ஒரு அரிசி மூட்டையும் சின்னப்பிள்ளைச் சப்பாத்து ஒரு சோடியும் இருந்தன. நிமிர்ந்தபோது டிலுசாவின் மாமியார் மார்கிறட் கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில், வட்டுவாகல் பக்கமாக வெயிலில் மினுங்கிய தண்ணியைக் கண்டபோது, அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அலை மேலே போய், வானத்தின் உயரத்தில் உள்ள மின்படையில் பட்டுத் திரும்பித் தரையில் விழுகிறது. செங்குத்தாகப் போனால் பக்கத்தில் விழும். அடிவானத்தை ஒட்டிச் சாய்ந்து போனால் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி விழும். காய்ந்த தரை அந்தத் தாழ்ந்த அலையை விழுங்கிவிடும். உப்புத் தண்ணி விழுங்காது. கண்ணாடிபோல் அப்படியே முன்னுக்குத் தள்ளிவிடும். முள்ளியவளையில் முப்பதடியில் நிற்கிற அவனுடைய அன்ரனா பாதிச் சக்தியை வானத்துக்கு வீணாக எறிந்துகொண்டிருக்க, அவளுடைய பதினாறடி வயர் களப்பின் முதுகில் வழுக்கிக்கொண்டு பிரேசிலுக்குப் போய்விடுகிறது. இது அவன் படித்த புத்தகத்திலும் இருந்தது. கடற்கரைக்காரருக்கு உரிய பக்கம் என்று புரட்டிவிட்டிருந்தான்.

களவு என்றிருந்தால் கோபப்பட்டு ஆறியிருப்பான். களவில்லை. அவளுக்கு வாய்த்த இடம் அப்படி. அதைப் புரிந்து பயன்படுத்த அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அந்த மாதம் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு டிலுசாவைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.

இந்த நிலைமையில்தான் ஓட்டோக்கார சஜீவன் கடைக்கு வந்தான். அவன் காதில் விழுந்தது புலனாய்வுக்காரர் வாசலுக்குப் போகும் என்பது ஊரறிந்த விசயம். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணை, கள்ளப்பாட்டில தண்ணிக்குள்ள ஒரு கம்பி நிக்குது, அதென்ன? அந்தப் பிள்ளையும் உங்களைப்போலத்தானோ? லைசன்ஸ் கிய்சன்ஸ் இருக்கோ?" என்று கேட்டான்.

நிரஞ்சன் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். 'இருக்கு' என்ற ஒரு சொல் நாக்கில் வந்து நின்றது. அதைச் சொல்ல மூச்சுக்கூட வேண்டியதில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியாது," என்றான். "மற்ற ஆக்களின்ரை விசயத்துக்கு நான் உறுதி சொல்லமாட்டன்."

"ஆரோட கதைக்கிறாவாம்?"

"ஆரோட கதைக்கிறாவோ, ஆருக்குத் தெரியும்."

சஜீவன் போன பிறகு குனிந்து பார்த்தான். எத்தனை சுற்றுச் சுற்றினான் என்பது மறந்துபோயிருந்தது. நாற்பத்தெட்டா, நாற்பத்தொன்பதா? முழுவதையும் பிரித்துத் திரும்பச் சுற்றினான். திரும்பவும் எண்ணிக்கை தவறியது. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

நாலாம் நாள் அலையில் டிலுசா இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு கிழமை போனது. நிரஞ்சனுக்கு முதலில் நெஞ்சு லேசாகியது. மறைக்க என்ன இருக்கிறது, சந்தோசமாகவே இருந்தது. எட்டாம் நாள் காலை அந்தப் பிரேசில்காரர் வந்தார். அன்றைக்கு வானம் திறந்து கிடந்தது, கூப்பிட்டவர்களும் குறைவு. பத்தாம் தரத்தில் அவனுடைய அழைப்புக்குறியைப் பிடித்துவிட்டார்.

"மெல்லிசாகக் கேட்கிறீர்கள், ஆனாலும் விளங்குகிறது," என்றார் பிரேசில்காரர். எத்தனை வருடம் காத்திருந்த குரல்! "இலங்கையா? உங்கள் நாட்டில் தூண்டில் தடியோடு ஒரு பெண்மணி இருப்பாரே. ஒரு கிழமையாகத் தேடுகிறேன். சுகமாக இருக்கிறாரா?"

"தெரியாது," என்று மட்டும் சொல்லி முடித்தான். இந்த ஒரு தொடர்பிலும் அவள் வந்து நடுவில் நின்றுவிட்டாளே என்று எரிந்தது. அதே சொல்லைத் தான் இரண்டாம் தரம் சொல்லியிருக்கிறான் என்பது சற்று நேரம் கழித்தே உறைத்தது.

அன்று மத்தியானம் முல்லைத்தீவுச் சந்தையால் வந்த அனோஜா பையை இறக்கி வைக்கவும் இல்லை.

"இஞ்சாருங்கோ, டிலுசாவைக் கண்டனான். ரெண்டு பேர் வந்து விசாரிச்சுப்போட்டு, லைசன்ஸைக் கொப்பி எடுத்துக்கொண்டு போட்டினமாம். முடிவு வரும்வரைக்கும் கம்பியைக் கழட்டி வைக்கட்டாம். அவா பயப்பிடேல்லை. மாமிதான் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாவாம். அந்த மனுசியின்ரை மூத்தவனையும் முந்தி அப்பிடித்தான் பேர் கேட்டு வந்தவையாம். பேந்து அவன் வரவே இல்லை."

நிரஞ்சன் பையை வாங்கிக் கீழே வைத்தான்.

"உங்களை ஆரும் கேக்கேல்லையே? கேட்டிருந்தால் சொல்லியிருப்பியள்தானே?" என்றாள் அனோஜா. அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அதனால்தான் அவன் எழும்பிப் போய் லைசன்ஸ் கோவையைத் தேடினான்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கே தன் லைசன்ஸ் கோவையோடு புலனாய்வுக் கந்தோர் வாசல் வாங்கில் போய்க் குந்தினான். இரண்டு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அரைகுறைத் தமிழில் கேட்டார், "நீங்கள்தானே தெரியாது எண்டு சொன்ன ஆள்?"

"ஓம் சேர். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான். அவாவின்ரை லைசன்ஸ் என்ரையைப்போல சரியான லைசன்ஸ். நாளாந்தம் அவா கதைக்கிறதை நான் கேக்கிறனான். வெதரையும் அன்ரனாவையும் தவிர வேறை கதை இல்லை. எழுதித் தாறன். நான் பொறுப்பு."

"பிறகு ஏன் அப்பிடிச் சொன்னது?"

நிரஞ்சன் கோவையின் மூலையை மடித்து மடித்து நிமிர்த்தினான். "அவா என்னைவிட நல்லா அனுப்பிறா, சேர்."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். ஏழு வருடத்துக்கு முந்திய கேள்விகளில்கூட அவனுக்கு இவ்வளவு வெட்கம் வந்ததில்லை.

அங்கிருந்து நேரே கள்ளப்பாட்டுக்குப் போனான். டிலுசா வீட்டு வாசலில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இரு என்று சொல்லவில்லை. அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சஜீவன் கேட்டது, தான் சொன்னது, இன்றைக்குப் போய் எழுதிக் கொடுத்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள் டிலுசா, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்தவையே சொன்னவை. 'முள்ளியவளை ஆளிட்டயே விசாரிச்சம், அவருக்கு உங்களைப் பற்றித் தெரியாதாம்' எண்டு."

நிரஞ்சன் ஒரு அடி கிட்ட வந்தான். "அப்ப ஏன் என்னை வந்து கேக்கேல்லை?"

"கேட்டால் பொய் சொல்லியிருப்பியள். பேந்து அந்தப் பொய்யையும் நான் வைச்சிருக்கோணும்." சிக்கு ஒன்றை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்குக் கோபம் இருக்கு அண்ணை. என்னிலை நீங்கள் எரிஞ்சதுக்கில்லை. உங்கடை வீட்டு வாசலிலயும் அவங்கள் வந்து நிண்டவங்கள்தானே. அது எப்பிடி இருக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டும் எங்கடை வாசலைக் காட்டி விட்டியளே, அதுக்குத்தான்."

நிரஞ்சன் செருப்பைக் கழற்றினான். உள்ளே போய் மார்கிறட்டிடம் மன்னிப்புக் கேட்கட்டா என்று கேட்டான். "வேண்டாம். புது ஆள் உள்ளுக்கு வந்தால் அவா திரும்பப் பயப்பிடுவா," என்றாள் டிலுசா.

பத்து நாளில் அனுமதி வந்தது. டிலக்ஸன் கட்டையை நட்டான், டிலுசா வயரை ஏற்றினாள். நிரஞ்சனை யாரும் கூப்பிடவில்லை. அவனும் போகவில்லை. அன்று மாலை அலையில் அவள் குரல் கேட்டபோது அவன் முதல் ஆளாக அழைத்தான். அவள் சட்டப்படி கொடுக்கவேண்டிய சமிக்ஞை அறிக்கையைக் கொடுத்தாள். எவ்வளவு தெளிவு, எவ்வளவு பலம். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மூன்று மாதம் அப்படியே போனது.

பிறகு ஒரு நாள் அவளே அலையில் கேட்டாள். "முள்ளியவளை, நாளைக் காலமை ஆறு மணிக்கு நேரம் இருக்கோ? பிரேசில்காரர் ரெண்டு பேரையும் ஒப்பிட்டுப் பாக்கட்டாம். ஒரே சக்தியில. நான் ஒரு நிமிசம், நீங்கள் ஒரு நிமிசம்."

நிரஞ்சன் அன்று பின்னேரமே கம்பத்தில் ஏறினான். குழாய்களின் மூட்டுகளைச் சுரண்டித் துடைத்தான், இழுகயிறுகளை இறுக்கினான். கேபிளின் நுனியை வெட்டிப் புதிதாக ஒட்டினான். அடுத்த நாள் காலை தன் சக்தியை அவளுடைய அளவுக்கு இறக்கினான். கை கூசியது, ஆனாலும் நேர்மையாகவே இறக்கினான்.

முதலில் அவள் பேசினாள். பிறகு அவன். பிறகு திரும்ப அவள், திரும்ப அவன். பிரேசில்காரர் தன் மானியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். நாலு சுற்றிலும் அவளுக்கே கூடுதல். ஒரு சுற்றில் அவன் குரல் இரைச்சலுக்குள் முழுதாக அமிழ்ந்தே போனது.

"நன்றி முள்ளியவளை," என்றாள் டிலுசா. சற்று விட்டு, "உங்கடை குரல் போன கிழமையைவிடத் துப்புரவா இருக்கு. மூட்டுகளைத் துடைச்சனீங்களோ?" என்று கேட்டாள். இந்த ஒப்பீட்டுக்குக் கூப்பிட்டதை விட்டால், மூன்று மாதத்தில் அறிக்கைக்கு வெளியே அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"ஓம்," என்றான். "ஓம், துடைச்சனான்," என்று திரும்பவும் சொன்னான்.

இலக்கங்களை ஒன்றும் மாற்றாமல் பதிவுக் கொப்பியில் எழுதினான். அவளுடையது ஒரு நிரல், தன்னுடையது பக்கத்தில். எழுதும்போதும் உள்ளே அந்தப் பழைய எரிவு இருந்தது. குறைந்திருந்தது என்று சொல்லலாம். போய்விட்டது என்று சொன்னால் பொய்.

தேத்தண்ணியோடு வந்த அனோஜா கேட்டாள், "என்னவாம், ஆர் வெண்டது?"

"அவாதான்," என்றான் நிரஞ்சன், வாய் திறந்து. "நாலுக்கு நாலும் அவா. ஆனா பார் அனோஜா, என்ரை கம்பம் மட்டும் அந்தக் கரையில நிண்டிருந்தால்..."

அவன் முடிக்கும் முன்பே அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.